ஓடட்டும் அந்தப் பெண்



கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்திருக்கிறது. இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். நாளுக்கு நாலு ஊசி. பள்ளியில் பி.டி. வகுப்பு வந்தால் அவளை மரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்களாம். தோழிகளின் வாட்சுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அவள்தான் காவல். அந்தப் பெண் இப்போது 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அடுத்து அரை மாரத்தானாம். ‘வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சரி என்று சொல்லத் தைரியம் வரவில்லை. நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அம்மா, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடட்டும். அவளுக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப்போய், ‘இவள் ஓடப்போகிறாள், அதற்கு என்னென்ன செய்யணும்?’ என்று கேளுங்கள். ‘ஓடலாமா?’ என்று கேட்டால் ‘எதற்கு வம்பு’ என்று பதில் வந்துவிடக்கூடும். ‘எப்படி?’ என்று கேட்டால்தான் டாக்டரும் பேனாவை எடுத்து எழுத ஆரம்பிப்பார். நோய் வந்து ஏழு வருடம் ஆகிவிட்டதால் கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துவிடச் சொல்லுங்கள். விழித்திரையில் சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் கடுமையான பயிற்சி.

இந்த விஷயத்தை மற்ற வாசகர்களோடும் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன். மார்கழி, தை வந்தால் சென்னையிலும் கோவையிலும் ஓட்டப் போட்டிகள் களைகட்டுகின்றன. பனியன் நனைய ஓடும் கூட்டத்தில் இன்சுலின் பேனாவோடும் இன்ஹேலரோடும் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயிற்சி நாம் நினைப்பதைவிட நுணுக்கமானது. அது தெரியாததால்தான் நாம் ஒரு பக்கம் பயந்து தடுக்கிறோம், இன்னொரு பக்கம் ‘வெறியோடு ஓடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று உசுப்பேற்றுகிறோம். இரண்டாலும் அவர்களுக்கு உதவி இல்லை.

சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். நல்ல ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் சர்க்கரை மொத்தமே சுமார் 4 கிராம்தான். ஒரு டீஸ்பூன் அளவு. ஓட ஆரம்பித்ததும் கால் தசைகள் அதை வேகமாக எடுத்துக்கொள்கின்றன. குறைந்ததைக் கல்லீரல் தன் இருப்பிலிருந்து நிரப்புகிறது. கணையமும் நிலைமையைப் பார்த்து இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இத்தனையும் நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும்.

டைப் 1 உள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை. இன்சுலின் சுரக்கும் செல்களை அவர்களுடைய உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. சாப்பிட்டது தப்போ, இனிப்பு தின்றது தப்போ இதற்குக் காரணமே இல்லை. (உறவுக்காரர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) இன்சுலினை ஊசியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட இன்சுலினைப் பாதி வழியில் திரும்ப எடுக்க முடியாது. ஓடும்போது தசைகள் இன்சுலினின் உதவி இல்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஊசியின் வேலையும் ஓட்டத்தின் வேலையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் ‘லோ’. கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், நினைவு தப்பும்.

சங்கடம் எங்கே என்றால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய எவருக்கும் வியர்க்கத்தான் செய்யும், நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அசதி என்று நினைத்துக்கொண்டிருப்பது லோவாக இருக்கலாம். களைப்பின் முகமும் லோவின் முகமும் ஒன்றாக இருப்பதால் உடம்பு சொல்வதை மட்டும் நம்பி ஓட முடியாது.

இந்த ஒற்றுமையை மருத்துவ உலகம் கண்டுகொண்டதும் ஒரு மாரத்தானில்தான். டொராண்டோவில் பிரடெரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் 1921இல் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்த ஊசி போடப்பட்டது. அப்போது அவன் எடை முப்பது கிலோகூட இல்லை. பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பதுதான் அதுவரை இருந்த வைத்தியம். அந்தப் பையன் அதன்பின் பதிமூன்று வருடம் வாழ்ந்தான். இன்சுலின் வந்து இரண்டே வருடத்தில், 1924இல், பாஸ்டன் மாரத்தான் முடிந்த இடத்தில் சாமுவேல் லெவின் என்ற இதய மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஓட்டக்காரர்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். வெளிறி, தள்ளாடி, குழம்பிப்போய் வந்து சேர்ந்தவர்களுக்குச் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. இன்சுலின் கூடுதலாகப் போட்டுவிட்ட நோயாளிக்கு வரும் அதே கோலம். மறு வருடம் ஓட்டக்காரர்களை முன்கூட்டியே மாவுச்சத்து நிறையச் சாப்பிடச் சொன்னார்கள், ஓடும் வழியில் மிட்டாய் கொடுத்தார்கள். அந்த வருடம் அவர்கள் தெளிவாக வந்து சேர்ந்தார்கள்.

இன்று நெடுந்தூர ஓட்டக்காரர் எல்லாரும் இடுப்புப் பையில் ஜெல்லும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்தப் பழக்கத்தின் ஆரம்பங்களில் ஒன்று இந்தச் சோதனை. சர்க்கரை நோயாளிகளிடம் கண்ட அறிகுறிதான் நோயில்லாத ஓட்டக்காரர்களுக்கு வழிகாட்டியது. அதனால் டைப் 1 உள்ள ஒருவர் தொடக்கக் கோட்டில் வந்து நிற்கும்போது யாரோ ஒரு விருந்தாளி வந்ததுபோல நாம் பார்க்க வேண்டியதில்லை.

பெசன்ட் நகர் கடற்கரையில் விடியுமுன் ஓட வரும் ஒரு வங்கி ஊழியரை எனக்குத் தெரியும். அவருக்கும் டைப் 1. கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னத்துக்கு எதிரில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சீட்டின் மேல் ஒரு சின்னப் பையைப் பிரிப்பார். குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் டப்பா, குளுக்கோஸ் பவுடர் பொட்டலங்கள், ஒரு ஈரத் துணி. மீட்டரை எடுக்குமுன் துணியை எடுத்து விரலை அழுத்தித் துடைப்பார். எதற்கு இவ்வளவு துடைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். விரலில் துளி வாழைப்பழப் பிசுக்கு, துளி குளுக்கோஸ் பவுடர் ஒட்டியிருந்தாலும் மீட்டர் பொய் சொல்லும் என்றார். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்க, மீட்டரில் பெரிய எண் வந்து நிற்கும். அதை நம்பி ஓடினால் ஆபத்து.

அன்று மீட்டர் 118 காட்டியது. மற்ற நேரமாக இருந்தால் சந்தோஷப்படும் எண். அவர் உதட்டைப் பிதுக்கினார். நீண்ட ஓட்டத்தை 126க்கும் 180க்கும் இடையில் தொடங்குவது நல்லது என்பது இத்துறை மருத்துவர்களின் பொதுவான வழிகாட்டல். பேரீச்சம்பழம் இரண்டைச் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் உட்கார்ந்தார். அவரோடு ஓட வந்தவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி விரலைத் துடைத்து, மறுபடி குத்தி, எண் ஏறியதைப் பார்த்த பிறகுதான் ஷூ லேஸை இறுக்கினார். நாம் ‘வார்ம் அப்’ என்று கையைக் காலை ஆட்டுவதுபோல, இந்தக் காத்திருப்பு அவர் பயிற்சியின் ஒரு பாகம்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரும் அவரிடம் உண்டு. எண்ணோடு ஓர் அம்புக்குறியும் காட்டும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. ஆனால் அது அளப்பது தோலுக்கு அடியில் உள்ள திரவத்தின் சர்க்கரையை. இரத்தத்தில் நடப்பது அங்கே தெரியச் சில நிமிடங்கள் பிந்தும். ஓடும்போது அந்தச் சில நிமிடங்களுக்கும் மதிப்பு உண்டு. தவிர, சென்னை வியர்வைக்கு அந்தப் பட்டை கழன்று வந்துவிடும், மேலே ஒரு டேப் ஒட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும், விலையோ ஆயிரக்கணக்கில். எல்லார் வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அது இல்லாதவர்கள் ஸ்ட்ரிப்பை வைத்தே கவனமாக ஓடலாம். அரை மணிக்கு ஒருமுறை நின்று பார்க்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எதைச் சாப்பிடுவது என்பதிலும் பலர் குழம்புகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. அது ஓட்டத்துக்கான தீனி. லோ வந்துவிட்டால் தேவை வேறு. உடனே இரத்தத்தில் கலக்கும் சர்க்கரை சுமார் 15 கிராம் சாப்பிட வேண்டும். தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ் பவுடர், அல்லது மூன்று நாலு டீஸ்பூன் சாதாரணச் சர்க்கரை. கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. நம்மூர் போட்டிகளில் அன்போடு நீட்டும் கடலைமிட்டாய் அப்போது உதவாது. கடலையின் கொழுப்பு சர்க்கரை சேருவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் அப்படித்தான். இளநீர் தாகத்துக்கு அருமையானது, ஆனால் லோவைத் தூக்கிவிட அதிலுள்ள சர்க்கரை பெரும்பாலும் போதாது. ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது.

லோவைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான் ஆகும். போட்டி நாளன்று தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே சிலருக்குச் சர்க்கரை ஏறிவிடும். மேளச்சத்தம், கூட்டம், பதற்றம். அட்ரினலின் கிளம்பி, கல்லீரலைத் தட்டி, இருப்பைத் திறந்துவிடும். பயிற்சியில் ஒருபோதும் பார்க்காத எண்ணை மீட்டர் காட்டும். அதைப் பார்த்து மிரண்டு வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டு ஓடினால், ஐந்தாறு கிலோமீட்டரில் பதற்றம் தணியும், ஊசியோ அப்போதுதான் முழு வேகத்தில் வேலை செய்யும். அனுபவசாலிகள் இந்த ஏற்றத்தை எதிர்பார்த்தே வருவார்கள். ஆனால் ஏறிய எண் 270ஐத் தாண்டினால் கீட்டோன் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இன்சுலின் பற்றாமல் உடம்பு கொழுப்பை எரித்துக்கொண்டிருந்தால் கீட்டோன் சேரும். அது கூடியிருக்கும்போது ஓடினால் ஆஸ்பத்திரியில்தான் போய் முடியும்.

அப்புறம் இரவு. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், பெற்றோர்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை நீண்ட தூரம் ஓடிய பிள்ளை மத்தியானம் நன்றாகச் சாப்பிடும், மாலையில் சிரித்துப் பேசும். ஓட்டத்தில் காலியான இருப்பைத் தசைகள் நிரப்பிக்கொள்ளும் வேலை மட்டும் ஒரு நாள் முழுக்க, சிலருக்கு அதற்கு மேலும் நடக்கும். அதனால் லோ நடுராத்திரியில், தூக்கத்தில் வரலாம். ஓடிய நாளில் படுக்குமுன் பார்க்க வேண்டும், தேவையானால் அலாரம் வைத்து இரண்டு மூன்று மணிக்கும் பார்க்க வேண்டும். இரவு நேர இன்சுலினைக் குறைப்பதா, படுக்குமுன் ஏதாவது சாப்பிடுவதா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஓட்டத்தைவிட, காலை உணவுக்கும் ஊசிக்கும் முந்தைய ஓட்டம் பலருக்குச் சுலபமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில் சாப்பாட்டுக்காகப் போட்ட இன்சுலின் உடம்பில் பெரிதாக இருக்காது. தொடையில் ஊசி போட்டுவிட்டு உடனே ஓடினால் அந்த மருந்து வழக்கத்தைவிட வேகமாக ஏறிவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

வங்கி நண்பரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, ஓடுமுன் எண், வழியில் எண், முடிந்ததும் எண், படுக்குமுன் எண். சில தேதிகளுக்கு நேரே ‘ஓடவில்லை’ என்று மட்டும் இருக்கும். முந்தின நாள் லோ கடுமையாகி இன்னொருவர் உதவி தேவைப்பட்டிருந்தால் அடுத்த 24 மணி நேரம் ஓடக் கூடாது என்பது விதி. காய்ச்சல் என்றால் ஓடக் கூடாது. கீட்டோன் என்றால் ஓடக் கூடாது. மூன்றாவது கிலோமீட்டரில் அம்புக்குறி செங்குத்தாகக் கீழே காட்டினால் நின்றுவிட வேண்டும். ஓடாத நாட்களையும் மனிதர் பயிற்சிக் கணக்கில்தான் சேர்க்கிறார். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. விளம்பரப் பலகைகளில் ‘வலியை வென்றுவிடு’ என்று எழுதுகிறார்களே, அதை இவர்களுக்குச் சொல்வது தப்பு. பந்தயத்துக்குப் பணம் கட்டி, நாலு மாதம் உழைத்து, ஊரெல்லாம் சொல்லிவிட்டு, போட்டியன்று காலை எண் சரியில்லை என்று வீட்டுக்குத் திரும்புகிற ஆளை நான் மனதாரக் கும்பிடுவேன்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதைச் சில வாரங்கள் வெளியில் வைக்கலாம், ஆனால் கொளுத்தும் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியிலோ காரிலோ வைத்தால் வீரியம் போய்விடும். பார்வைக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது, ஊசி போட்டும் எண் இறங்காதபோதுதான் தெரியும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றுவதை நம் கிராமங்களிலேயே பார்க்கலாம். அதைச் செய்யும் பாட்டிமார்களுக்கு என் வணக்கம்.

கும்பகோணத்துத் தாயார் கடிதத்தின் ஓரத்தில், பிறகு சேர்த்த மாதிரி ஒரு வரி இருந்தது. ‘போட்டி, மைதானம் என்று போய் எல்லார் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?’ இந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை வீடுகளில் இந்தப் பயம்! பள்ளிக்குச் சொல்லாமல், சொந்தத்துக்குச் சொல்லாமல், கல்யாண மண்டபத்தில் பாத்ரூமுக்குள் போய் ஊசி போட்டுக்கொள்ளும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! ஆண் பிள்ளைக்கு இருந்தால் ‘பாவம்’ என்பவர்கள், பெண்ணுக்கு இருந்தால் ‘குறை’ என்கிறார்கள். மறைத்தபடி ஓடுவது ஆபத்து. உடன் ஓடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போட்டியில் நெஞ்சில் குத்திக்கொள்ளத் தரும் எண் அட்டையின் பின்பக்கத்தில் நோய், மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எழுத இடம் விட்டிருப்பார்கள். எழுதுகிறவர்கள் குறைவு. தாயே, உங்கள் மகள் அதில் தெளிவான எழுத்தில் எழுதட்டும். அதைப் படித்துவிட்டு முகம் சுளிக்கிற சம்பந்தம் நமக்கு வேண்டாம்.

பிரபலங்களின் பெயரைச் சொல்லி ஊக்கப்படுத்துவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ‘அவர் செய்யவில்லையா, உன்னால் ஏன் முடியாது?’ என்று அது திரும்பிக் குத்தவும் செய்யும். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பேரைச் சொல்ல ஆசை. பவுலா ராட்கிளிஃப் பதினாலு வயதிலிருந்தே ஆஸ்துமாக்காரர். இன்ஹேலரை ஒளிக்காமல் வைத்துக்கொண்டு ஓடியவர். 2003 லண்டன் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் முடித்தார். அந்த உலக சாதனை 16 வருடம் நின்றது. வாசிம் அக்ரமுக்கு 1997இல், உச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, சர்க்கரை நோய் வந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே வேகப்பந்து வீசி, 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட்டைத் தொட்ட முதல் பந்துவீச்சாளர் ஆனார். இருவரும் தங்களுக்கு நோய் இருப்பதைப் பலமுறை வெளிப்படையாகப் பேசினார்கள். எனக்கு அவர்களுடைய சாதனையைவிட அந்தப் பேச்சு பெரிதாகத் தெரிகிறது.

டைப் 2 உள்ள வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் டாக்டர் ‘நட’ என்றதும் நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, 10 கிலோமீட்டருக்கு வந்தவர்கள். மிகவும் நல்லது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு லோ வருவது அபூர்வம். கிளிமிபிரைட் போன்ற மாத்திரை சேர்ந்திருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ உங்களுக்கும் லோ வரலாம். தூரத்தைக் கூட்டுமுன் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஓடி முடித்ததும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வலிக்காது, ஆனால் அங்கே இருக்கும்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணீர்ப் பந்தல்களில் வாழைப்பழம், ஆரஞ்சு, உப்பு எல்லாம் வைக்கிறீர்கள். கூடவே குளுக்கோஸ் பவுடர் பொட்டலமும் வையுங்கள். அங்கே நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு லோ என்றால் என்ன என்று ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். செலவு ஒன்றும் பெரிதாக ஆகிவிடாது.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் தெரிந்துகொள்ளலாம். வழியோரம் ஒருவர் உட்கார்ந்துவிட்டார், பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் அவரைக் குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். எண் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். அவர் பையில் இன்சுலின் இருந்தாலும் அதை நீங்கள் போட்டுவிடாதீர்கள்.

நீண்டகால நோயோடு ஓடுகிற, நடக்கிற, நீந்துகிற வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் நோட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள், எந்த நாளில் நின்றீர்கள், வீட்டில் யார் துணை என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். போடலாம் என்று நீங்கள் சொன்னால் எங்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

அன்புடன்,
ஆசிரியர்